வெள்ளை கார்டு வைத்திருந்தால் இலவச வக்கீல் கிடைக்கமாட்டாரா?

கேள்வி: ஐயா, நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறோம். என் தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். ஒன்றரை வருடமாக அவள் ஏழு வயதுப் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அவள் கணவர் பொள்ளாச்சி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வந்துவிட்டது, வாய்தாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எங்களுடையது கேரளத்தில் முன்னுரிமை இல்லாத குடும்பங்களுக்குத் தரும் வெள்ளை ரேஷன் கார்டு, வருமானச் சான்றில் என் வருமானமும் சேர்ந்துவிடும், அதனால் இலவச வக்கீல் கிடைக்காது என்று ஒருவர் சொல்கிறார். கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் கேட்க முடியாது என்று இன்னொருவர் சொல்கிறார். தங்கையிடம் எட்டுப் பவுன் நகை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இலவசம் கேட்பது நியாயமா என்று அவளே தயங்குகிறாள். இதற்கிடையே, வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரர் என் மீது சித்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். எனக்குப் பால் சங்கத்திலிருந்து வருடத்துக்கு 3,40,000 ரூபாய் வருகிறது. தீவனச் செலவு போக அதில் பாதிகூடத் தேறாது. எனக்கும் இந்த உதவி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

வாய்தா நெருங்கிவிட்டதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர் வருமானமோ, உங்கள் வருமானமோ, ரேஷன் கார்டின் நிறமோ, எட்டுப் பவுனோ அதற்குக் குறுக்கே நிற்காது. அவர் கேரளத்தில் குடியிருப்பதும் தடையில்லை. உங்கள் சொந்த வழக்கு வேறு வகை. அதில் வருமானம் பார்க்கப்படும் என்றாலும், நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு இடம் இருக்கிறது. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் கோர்ட் வராந்தாவில் யாராவது வேறு மாதிரி சொல்லும்போது உங்களால் பதில் சொல்ல முடியும்.

இந்த உதவி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39அ என்ற பிரிவைச் சேர்த்தது. பணம் இல்லை என்பதாலோ வேறு இயலாமையாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் கட்டளை. அதைச் செயல்படுத்த 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவுதான் யாருக்கு உதவி என்பதைத் தீர்மானிக்கிறது. மக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் அந்தப் பிரிவைத்தான்.

12ஆவது பிரிவை ஒரே கதவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதாவது ஏழை என்று சான்று காட்டினால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது என்று. உண்மையில் அது எட்டுக் கதவுகள் கொண்ட வீடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒரு கதவு, மனிதக் கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள் இன்னொன்று, பெண்களும் குழந்தைகளும் மூன்றாவது, மாற்றுத் திறனாளிகள் நான்காவது, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து, சாதி வன்கொடுமை, இன வன்முறை போன்றவற்றில் சிக்கியவர்கள் ஐந்தாவது, தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆறாவது, சிறையிலோ காவலிலோ காப்பகத்திலோ இருப்பவர்கள் ஏழாவது. வருமானம் என்ற சொல் எட்டாவது கதவில் மட்டுமே வருகிறது. முதல் ஏழில் எதன் வழியாக வருபவரையும் வருமானத்தைக் காட்டித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் தங்கை பெண் என்ற ஒரே காரணத்தால் மூன்றாவது கதவின் வழியாக உள்ளே வருகிறார். அவர் சார்பில் வருமானச் சான்று எடுக்க நீங்கள் அக்ஷயா இ-சேவை மையத்துக்கோ வில்லேஜ் ஆபீசுக்கோ அலைய வேண்டிய தேவையே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். சம்மனை நான்காக மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்; அதை உருவும்போது கூடவே ஓர் அடகுச் சீட்டும் வந்து விழுந்தது. தோட்டை அடகு வைத்து வக்கீல் பீசுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு வழியில்லாமல் இரண்டு வாய்தா போகாமல் விட்டிருந்தார். ஏன் இலவச உதவி கேட்கவில்லை என்று கேட்டதற்கு, ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள் கார்டோ பிங்க் கார்டோ இருந்தால்தான் தருவார்கள் என்று கோர்ட்டில் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கார்டின் நிறம் பார்க்கிறார்கள், இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் சட்ட உதவிச் சட்டத்தில் ரேஷன் கார்டு என்ற சொல்லே கிடையாது. அந்தச் சீட்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் தங்கையின் எட்டுப் பவுன் அந்த வழியில் போகக் கூடாது என்பதே என் கவலை.

இனி, நியாயமா என்ற அவருடைய தயக்கம். உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்ட வரி அதுதான். அந்த நேர்மைக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறேன். சட்டம் பெண்ணிடம் வருமானம் கேட்காததற்கு நம் வீடுகளை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும். வீட்டின் பெயரில் சொத்து இருக்கும். அவள் கையில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. கணவருக்கு வருமானம் இருக்கும். அந்தக் கணவரே எதிர்க்கட்சியாக நிற்பார். அண்ணனுக்கு வருமானம் இருக்கும்; அண்ணன் தருவதை வாங்கித்தான் வழக்கு நடத்த வேண்டும் என்றால், அண்ணன் சொல்லும் சமரசத்துக்கும் அவள் தலையாட்ட வேண்டியிருக்கும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் சட்டம் எல்லா அண்ணன்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ளும் நிலையில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த நகை நாளை குழந்தையின் படிப்புக்குத் தேவைப்படும் கடைசிக் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு உதவி கேட்பதால் இன்னொருவருடைய பங்கை அவர் எடுத்துக்கொள்வதாக ஆகாது. ஒருவருக்கு வழக்கறிஞர் நியமிப்பதால் அடுத்தவருக்கு இல்லை என்று சொல்லும் ஒதுக்கீட்டுக் கணக்கு இதில் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 இதை இன்னும் தெளிவாகப் பார்க்கிறது. புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் அவளுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதைக் காவல் அதிகாரியும் பாதுகாப்பு அலுவலரும் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கடமை விதித்திருக்கிறது. சலுகையாக இருந்தால் எடுத்துச் சொல்லும்படி அதிகாரிக்குச் சட்டம் கட்டளையிட்டிருக்காது.

அடுத்தது, எந்த மாநிலத்தில் கேட்பது என்பது. எல்லையோரத்தில் இருக்கும் நம் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. ரேஷன் இங்கே, பெண் கொடுத்தது அங்கே, பள்ளிக்கூடம் இங்கே, சந்தை அங்கே என்று வாழ்கிறோம். 12ஆவது பிரிவு குடியிருப்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறதோ அந்த நீதிமன்றத்தைச் சேர்ந்த சட்டப் பணிகள் குழுதான் வழக்கறிஞரை நியமிக்கும். ஆகவே உங்கள் தங்கையின் விவாகரத்து வழக்குக்குப் பொள்ளாச்சி வட்ட சட்டப் பணிகள் குழு. உங்கள் வரப்பு வழக்குக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா லீகல் சர்வீசஸ் கமிட்டி. பொள்ளாச்சிக்கு நேரில் போக முடியாத நிலை வந்தால் சித்தூர் அலுவலகத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்; உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் வேலை. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். இருந்தாலும் மூன்று வாரமே இருக்கும்போது நான் இவற்றை நம்பிக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கே போங்கள்.

விண்ணப்பம் ஒரு பக்கப் படிவம். பெயர், முகவரி, தொழில், மாத வருமானம், எந்த வகையில் தகுதி, என்ன உதவி தேவை என்பவற்றைக் கேட்பார்கள். வருமானத்துக்கான இடத்தைப் பார்த்தவுடன் பலர் பயந்து பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். உங்கள் தங்கை தையல் வேலையிலோ வேறு வேலையிலோ சம்பாதிப்பதை உண்மையாகவே அதில் எழுதட்டும். தகுதிக்கான இடத்தில் ‘பெண்’ என்று எழுதட்டும். முடிவு அந்தச் சொல்லை வைத்தே எடுக்கப்படும். எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னாலும் விதிகள் அதை ஏற்கின்றன, கைநாட்டும் செல்லும். நான் சித்தூரில் தமிழில் எழுதிய மனுக்களையும் கொடுத்திருக்கிறேன். மொழியைக் காரணம் காட்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மனுவின் மீது ஏழு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி. மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு உண்டு. தாலூகா அளவில் தலைவராக இருப்பவர் அந்த வட்டத்தின் மூத்த நீதித்துறை அதிகாரி. அதாவது, உங்கள் முறையீட்டைப் படிப்பவர் ஒரு நீதிபதியாகவே இருப்பார்.

13ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வழக்கைத் தொடுக்கவோ எதிர்க்கவோ மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் ஒரு முகாந்திரம் இருக்க வேண்டும் என்பதே அது. வம்புக்காக வழக்குப் போடுபவர்களைத் தடுக்க வைத்த வரி. விவாகரத்து கேட்டு ஒருவர் வழக்குப் போட்டிருக்க, அதற்குப் பதில் சொல்ல வந்திருக்கும் மனைவிக்கு இது தடையாக இருக்காது.

வழக்கறிஞர் நியமிக்கப்படும்வரை வாய்தாவை விட்டுவிடாதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மனு கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் இருந்துவிட்டால் நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாக வழக்கை நடத்திவிட முடியும். அதை மாற்ற இன்னொரு மனு, இன்னொரு காத்திருப்பு. மனு கொடுக்கும்போதே பதிவேட்டு எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய தேதிக்குள் யாரும் வக்காலத்து போடவில்லை என்றால், பெயர் கூப்பிடும்போது உங்கள் தங்கையே எழுந்து நின்று, “ஐயா, சட்ட உதவி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், எண் இது, கால அவகாசம் வேண்டும்” என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல வக்கீல் தேவையில்லை.

உதவி என்பதற்குள் எது எது அடக்கம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கறிஞரின் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் கட்டணம், மனு, பதிலுரை தயாரித்தல், தட்டச்சு, சான்றிட்ட நகல்கள், மேல்முறையீட்டுக்கான தொகுப்பு, ஆவணங்களின் மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குள் வரும். மொழிபெயர்ப்பு நம் பக்கத்தில் பெரிய விஷயம். குழந்தையின் பள்ளிச் சான்று, பஞ்சாயத்து தந்த கடிதம், மருத்துவமனைச் சீட்டு என்று உங்கள் தங்கையின் காகிதங்களில் பல மலையாளத்தில் இருக்கும்; பொள்ளாச்சி நீதிமன்றத்தில் அவற்றைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை நீங்கள் கையிலிருந்து போடாமல், மனுவிலேயே ‘மலையாள ஆவணங்களின் மொழிபெயர்ப்பும் தேவை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும் என்றும் கேட்கலாம். சட்டப் பணிகள் குழு வைத்திருக்கும் வழக்கறிஞர் பட்டியலில் அப்படி ஒருவர் இருந்தால் விருப்பத்தைக் கவனிக்க விதியில் இடமிருக்கிறது.

பஸ் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், அந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி வழக்கு நடக்கும் காலத்துக்கு மாத ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கணவரிடமிருந்து கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்றாலும், பதிலுரையோடு சேர்த்தே அந்த மனுவையும் போட்டுவிட்டால் காலம் வீணாகாது. நியமிக்கப்படும் வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

வழக்கைப் பாலக்காட்டுக்கு மாற்றலாமா என்றும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு உரிமையியல் வழக்கை மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். அங்கேயும் உங்கள் தங்கைக்கு இலவச உதவி உண்டு. உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கான வருமான வரம்பு 5,00,000 ரூபாய், பெண்களுக்கு அதுவும் பொருந்தாது. ஆனால் தூரத்து ஊரில் வழக்கு நடக்கும் பெண்களுக்குத்தான் அந்த வழி உண்மையில் பயன்படும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போவதற்கும் பாலக்காட்டுக்குப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காக டெல்லிவரை போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாறாக, தங்கைக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவின்கீழ் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடலாம். அவர் குடியிருக்கும் இடத்திலேயே அதைத் தொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்குப் பாலக்காடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் தனியாக மனு கொடுக்க வேண்டும். ஒரு வழக்குக்குக் கிடைத்த உதவி தானாகவே இன்னொரு வழக்குக்கு நீளாது என்பதை நினைவில் வையுங்கள்.

இலவச வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் அது இருக்கிறது. நானும் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞன் என்பதால் நேராகவே பேசுகிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் கட்டணம் குறைவு. அதனால் சிலர் இந்த வழக்குகளைக் கடைசியில் தொடுகிறார்கள். அதே பட்டியலில், சொந்த வழக்குபோல் இரவு உட்கார்ந்து படிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் ஒருமுறை பேசுவதும், தாக்கல் செய்த ஒவ்வொரு காகிதத்தின் நகலையும் வாங்கி ஒரு கோப்பில் அடுக்குவதும், அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதுவதும்தான். வழக்கு எப்படிப் போகிறது என்று கவனிக்க ஒவ்வொரு சட்டப் பணிகள் நிறுவனத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும்; வழக்கறிஞர் அதற்கு அறிக்கை தர வேண்டும். அவர் இரண்டு முறை வராமல் இருந்தாலோ, பதிலுரைக்கான காலத்தைத் தவறவிட்டாலோ, செயலாளரிடம் எழுத்தில் சொல்லி வேறொருவரை நியமிக்கக் கேளுங்கள். ‘டைப்பிங் செலவு’, ‘குமாஸ்தா படி’ என்று எந்தப் பெயரிலும் அவர் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. நூறு ரூபாய்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். அடுத்து வரும் பெண்ணிடம் அது இருநூறாகும்.

இனி உங்கள் வழக்குக்கு வருவோம். சட்டப் புத்தகத்தைத் திறந்து 12ஆவது பிரிவின் கடைசி உட்பிரிவைப் படித்தால் 9,000 ரூபாய் என்ற தொகை அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து, மாதம் 750 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்குத்தான் உதவி என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதே வரியிலேயே, மாநில அரசு அதைவிட உயர்ந்த தொகையை நிர்ணயிக்கலாம் என்றும் இருக்கிறது. அப்படி நிர்ணயித்த வரம்பு கேரளத்தில் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அதே தொகைதான். ஆகவே குப்பம், நகரி, ஆந்திரச் சித்தூர்ப் பக்கத்தில் இதைப் படிக்கும் தமிழர்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும்.

உங்களுக்குப் பால் சங்கத்திலிருந்து வருவது 3,40,000. அதைப் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிட்டதுபோல் தெரிகிறது. ஆனால் அது மாடு தந்த பாலுக்கு வந்த விலை; அந்த மாடு தின்ற பருத்திக்கொட்டையும் தவிடும் வைக்கோலும், மடிநோய்க்குப் போட்ட ஊசியும் அதிலிருந்துதான் போகின்றன. சட்டம் கேட்பது ஒருவருக்கு ஆண்டில் கிடைக்கும் வருமானத்தை. விற்ற தொகை முழுவதையும் வருமானம் என்று கொள்வது சரியல்ல என்பது என் கருத்து. ஆகவே எதையும் மறைக்காமல் இரண்டு தொகையையும் எழுதுங்கள். சங்கத்தின் பட்டுவாடா விவரம், அதே சங்கத்தில் தீவனம் வாங்கிய பில்கள், மருத்துவச் செலவுச் சீட்டு ஆகியவற்றின் நகலை இணைத்து, கழித்தால் மிஞ்சுவது இவ்வளவு என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். வருமானத்தைப் பற்றி விண்ணப்பதாரர் தரும் பிரமாணப் பத்திரமே போதும், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் தவிர என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. வில்லேஜ் ஆபீஸ் சான்று இருந்தால் வலு சேரும். அது இல்லாததாலேயே மனு விழுந்துவிடாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வில்லேஜ் ஆபீசில் தரும் சான்று பெரும்பாலும் குடும்ப வருமானத்துக்கானது. உங்கள் மனைவியின் தொழிலுறப்பு என்னும் ஊரக வேலைத் திட்டக் கூலியும், தங்கை சம்பாதிப்பதும் அதில் சேர்ந்து வரக்கூடும். 12ஆவது பிரிவின் சொற்களோ வருமானம் பெறும் ‘நபர்’ என்றே பேசுகின்றன. எனவே சான்றில் கூட்டுத்தொகை வந்திருந்தால், அதில் உங்களுடையது எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் பிரித்துக் காட்டுங்கள். ஒரு ரூபாய்கூடக் குறைத்து எழுதாதீர்கள். பொய்யான தகவல் தந்து பெற்ற உதவியை நடுவில் திரும்பப் பெறச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு; வரப்பு வழக்கில் எதிர்க்கட்சி உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் என்பதால், உங்கள் வீட்டில் எத்தனை மாடு, எத்தனை லிட்டர் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கடிதத்தின் ஓரத்தில், புல் வெட்டும் மெஷினில் வலது கை விரல்கள் போனதால் வழக்குக் காகிதங்களைத் தங்கைதான் எழுதித் தருகிறாள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கோ அது முக்கியமாகப் படுகிறது. அரசு மருத்துவக் குழு தந்த மாற்றுத் திறனாளிச் சான்று உங்களிடம் இருந்து, அதில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறித்திருந்தால், நீங்கள் நான்காவது கதவின் வழியாக வரலாம். பால் கணக்கைப் பற்றிய பேச்சே எழாது. சான்று எடுக்காமல் இருந்தால் இந்த வழக்குக்காக இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். வேறு பல உதவிகளுக்கும் அது தேவைப்படும்.

உங்கள் வழக்கிலும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. உரிமையியல் வழக்கில் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை தர வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பார்த்து அதை 90 நாள்வரை நீட்டலாம். வரப்புத் தகராறு என்பதால் நிலத்தை அளந்து அறிக்கை தர நீதிமன்றம் வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக அனுப்பும் நிலை வரும். அதற்கான படிச் செலவும் வேண்டும் என்று மனுவில் முன்கூட்டியே எழுதுங்கள்.

ஒருவேளை வருமானக் கணக்கில் உங்கள் மனு நிராகரிக்கப்பட்டால், சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத் இருக்கிறது. இலவச வழக்கறிஞருக்குத்தான் வருமான வரம்பு. லோக் அதாலத் யாருக்கும் திறந்திருக்கிறது. உங்களைப் போல் வருடக் கணக்கில் ஒரே கிணற்று வாய்க்காலைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்களுக்கு, சர்வேயர் கல் நட்ட இடத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவது பத்து வருட வழக்கைவிட நல்லது என்பது என் அனுபவம். வழக்குப் போட்டவருக்கு அவர் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவரும் இணங்கக்கூடும். ஆனால் அங்கே ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அளவு புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் தங்கையை அழைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போங்கள். சம்மனும் அதோடு வந்த வழக்கு நகலும், திருமணத்துக்கான சான்றோ பத்திரிகையோ, குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், இரண்டு புகைப்படம் இருந்தால் போதும். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எது என்று கேட்டு நேரே அங்கே செல்லுங்கள். வழியில் யார் நிறுத்தி என்ன சொன்னாலும், மனு கொடுத்துப் பதிவு எண் வாங்கும்வரை நிற்காதீர்கள். மறுநாள் பால் ஊற்றி முடித்ததும் உங்கள் காகிதங்களோடு சித்தூருக்கு வாருங்கள்.